வாசிக்கத் தெரியாத மொழியில் வைத்த கையெழுத்து: பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கினால் பழைய வழக்குகளுக்கு என்ன நடக்கும்?

#1 வன்னிக்காற்று

வணக்கம். கன காலமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன கிழமை என் அண்ணாவுக்குக் கட்டாரில் ஒரு வேலை சரிவந்தது. எல்லாம் முடிந்து, பொலிஸ் நற்சான்றுப் பத்திரத்தில் வந்து நின்றுவிட்டது. அவர் பெயருக்கு நேரே "குற்றவாளியாகக் காணப்பட்டவர்" என்று இருக்கிறது. அண்ணாவின் மூத்தவள் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். அந்தக் கடிதத்தை அவள்தான் முதலில் திறந்து வாசித்தாள். "அத்தை, அப்பா என்ன செய்தவர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

2008 ஆடி மாதம் அண்ணா கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஒரு லொட்ஜில் நான்கு பேருடன் தங்கியிருந்தார். இரவுச் சோதனையில் ஐந்து பேரையும் ஏற்றினார்கள். நான்கு பேரை விடிய விட்டார்கள். அண்ணாவை விடவில்லை. கிளிநொச்சியில் பிறந்தவர் என்று அடையாள அட்டையில் இருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று அறிய அம்மாவுக்குப் பதினோரு நாள் பிடித்தது. குற்றப்பத்திரம் இல்லாமல் பதினாறு மாதம் தடுப்புக்காவல். அந்தப் பதினாறு மாதத்தில் ஒரு நாள், தட்டச்சு செய்த ஒன்பது பக்கச் சிங்களக் கடதாசியில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினார்கள். அண்ணாவுக்கு அப்போது சிங்களத்தில் பஸ் பெயர்ப் பலகைகூட எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதற்கு முந்திய இரண்டு நாள் என்ன நடந்தது என்பதை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. இடது தோளுக்கு மேலே கை தூக்க மாட்டார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

2011இல் வழக்குப் போட்டார்கள். ஒரே சாட்சி அந்த ஒன்பது பக்கம். எங்கள் சட்டத்தரணி இரண்டு வழி சொன்னார். வழக்காடினால் எத்தனை வருடம் போகும் என்று தெரியாது, முடியும்வரை விளக்கமறியல்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரு வருடம் புனர்வாழ்வு, பிறகு வீடு. அண்ணா ஒரு வருடம் மாட்டேன் என்றே நின்றார். அம்மாவுக்கு வருத்தம் முற்றிய பிறகு ஒப்புக்கொண்டார். 2013இல் வந்தார். அம்மாவை இருபத்தியிரண்டு நாள் பார்த்தார்.

ஒவ்வொரு தேர்தலிலும், அண்ணாவைப் பிடித்த இந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்கிறார்கள். சரி, நீக்குகிறார்கள் என்றே வைப்போம். அண்ணாவின் அந்தக் கையெழுத்துக்கு என்ன நடக்கும்? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தவணை

அக்கா, இருபது வருடமாக இந்த வழக்குகளில் நிற்கிற சட்டத்தரணி என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் பிழையாகிவிடும். அதற்கு முன் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அதன் முழுப் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு என்றுதான் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் கொண்டுவந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பெயரில் உள்ள "தற்காலிக" இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

சாதாரண வழக்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு மூன்று பிரிவுகளில் இருக்கிறது. 9ஆம் பிரிவின்படி அமைச்சர் கையெழுத்திட்டால் மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம்வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம் என்று இருந்தது. நீதிமன்றத்துக்கு அதில் வேலையே இருக்கவில்லை. 2022இல் அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தார்கள். 7ஆம் பிரிவின்படி நீதவான் முன் கொண்டுபோனாலும் வழக்கு முடியும்வரை விளக்கமறியல். சட்டமா அதிபர் சம்மதித்தால்தான் வெளியே. நீதவானுக்குப் பிணை கொடுக்க மனம் இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். மூன்றாவது, எல்லாவற்றிலும் மோசமானது, 16ஆம் பிரிவு. நமது சான்றுக் கட்டளைச் சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் பாவிக்கவே முடியாது. ஒரு திருடனுக்கும் கொலைகாரனுக்கும் இருக்கிற பாதுகாப்பு அது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன் சொன்னால் அது செல்லும். அடித்து வாங்கியது என்றால், அடித்ததை நிரூபிக்க வேண்டியவர் அடி வாங்கியவர். பதினாறு மாதம் கழித்து, காயம் ஆறிய பிறகு, சாட்சி இல்லாமல் எப்படி நிரூபிப்பார்?

சிங்கராசா வழக்கு என்று ஒன்று இருக்கிறது. 1993இல் கைதானவர், தமிழ் மட்டும் தெரிந்தவர். வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது, அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். ஐம்பது வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் முப்பத்தைந்து ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணை அல்ல என்று தீர்மானித்தது. நிரூபிக்கும் பாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் போட்டது பிழை என்பதுதான் அதன் மையம். 2006இல் நம் உயர் நீதிமன்றம் அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த ஒப்பந்தத்தில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. அதோடு அந்தக் கதவும் மூடப்பட்டது.

அக்கா, உங்கள் அண்ணாவின் ஒன்பது பக்கம் தனி ஆளுக்கு நடந்த ஒன்றல்ல. அது ஒரு வேலைமுறை.

#3 ஊர்க்குருவி

வன்னிக்காற்று அக்காவின் துயரத்தை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும். குண்டு வெடித்தது, பஸ்ஸில் சனம் செத்தது, அதெல்லாம் நடந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலும் நடந்தது. ஒரு நாட்டுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டாமா? நாளைக்கு இன்னொன்று நடந்தால், சட்டம் இல்லையே என்று கைவிரிக்கலாமா? பிழையாகப் பாவித்தவர்களைத் தண்டிப்போம். சட்டத்தையே தூக்கி எறிய வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உண்மையாகவே கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

#4 கல்லடிப்பாலம்

தம்பி ஊர்க்குருவி, சண்டைக்கு இல்லை என்று எழுதியதால் பொறுமையாக எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு. சீயோன் தேவாலயத்தில் அன்று காலை ஞாயிறு பாடசாலை முடிந்து சாப்பிட வெளியே நின்ற பிள்ளைகளில் என் பெரியம்மாவின் பேரன் ஒருவன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத வராது.

2019 ஏப்ரல் 21இல் இந்த நாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்ததா இல்லையா? இருந்தது, நாற்பது வருடமாக இருந்தது. பதினெட்டு மாதத் தடுப்புக்காவல், குற்ற ஒப்புதல் எல்லாம் கையில் இருந்தது. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். 2017இல் அங்கே நடந்த மோதலுக்குப் பிறகு அவர் தலைமறைவானார், பிடியாணையும் இருந்தது. ஏப்ரல் 4ஆம் தேதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. 260க்கு மேற்பட்ட உயிர் போனது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வு உயரதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று தீர்ப்பளித்து, சிறிசேன மட்டும் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது.

எங்கள் பிள்ளையைக் காப்பாற்ற அன்று வேண்டியிருந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. தேவாலய வாசலில் நான்கு பொலிஸ்காரர். அதைச் செய்ய எந்தச் சட்டமும் தடையாக இருக்கவில்லை, இன்னும் கடுமையான சட்டமும் தேவைப்படவில்லை. செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. பிறகு அந்தக் கோபத்தை அவிக்க ஆயிரக்கணக்கான அப்பாவி முஸ்லிம்களை அள்ளினார்கள். என் பெரியம்மா அப்போதே சொன்னார், "அவன் பெயரைச் சொல்லி இன்னொரு தாயை அழ விடாதீங்க" என்று. கேட்க ஆள் இருக்கவில்லை.

#5 உப்பளம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கல்லடிப்பாலம், உங்கள் பெரியம்மாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

நான் புத்தளம். பிறந்தது யாழ்ப்பாணம் சோனகதெரு. 1990 ஒக்டோபரில் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். உடுத்த உடுப்போடும் கையில் கொஞ்சக் காசோடும் வந்து உப்பளப் பக்கம் ஓலைக்கொட்டிலில் இருந்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல வருடம் இந்தச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தால் நாங்கள் வாய் திறந்ததில்லை. எங்களை விரட்டியவர்களுக்கு எதிரான சட்டம், நமக்கென்ன என்று இருந்தோம். தமிழ்ப் பெடியன்களைச் சுற்றிவளைத்து, முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் வரிசையில் நிறுத்தியபோது நாங்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கடந்து போனோம். அது பிழை. அதைத் திறந்து சொல்லவே எழுதுகிறேன்.

2019 மே மாதம் எங்கள் தெருவில் வீடு வீடாகச் சோதனை. அரபு எழுத்து இருந்தால் சந்தேகம். எது குர்ஆன், எது துஆப் புத்தகம், எது வேறு என்று வந்தவர்களுக்குத் தெரியாது. எங்கள் வாப்பாவின் கிதாபுகளைக் கிணற்றடியில் உம்மாவும் நானும் இரவோடு இரவாகப் புதைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டியபோதுகூடச் சுமந்து வந்த கிதாபுகள் அவை. மழை வந்து பார்த்தபோது பாதி கூழாகிவிட்டது. ஹசலக்கவில் ஒரு பெண் போட்டிருந்த உடுப்பில் கப்பல் சுக்கானின் படம். தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். அதற்குப் பாவித்தது பயங்கரவாதத் தடைச் சட்டம்கூட இல்லை, மனித உரிமைச் சமவாயத்தை நாட்டுக்குள் கொண்டுவந்த 2007ஆம் ஆண்டுச் சட்டம். உரிமைக்கு என்று எழுதிய சட்டத்தையும் அப்படித் திருப்ப முடிந்தது.

பிறகு அஹ்னாஃப் ஜஸீம். புத்தளத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த இளம் தமிழாசிரியர், கவிஞர். 2020 மே மாதம் பிடித்தார்கள். தமிழில் எழுதிய ஒரு கவிதைப் புத்தகம் தீவிரவாதம் வளர்க்கிறது என்பது குற்றச்சாட்டு. தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரும் அதை எடுத்துப் பார்த்தால் போரையும் வன்முறையையும் வெறுத்து எழுதிய வரிகளைத்தான் பார்ப்பார்கள். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு கவிதையை விளங்காமல் வாசித்ததற்கு மூன்றரை வருடம்.

தங்கச்சி வன்னிக்காற்று, உங்கள் அண்ணா வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வைத்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளை எழுதியதை வாசிக்கத் தெரியாதவர்கள் குற்றம் என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

#6 மதுரைக்காரன்

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். 16ஆம் பிரிவு என்று ஐயா எழுதியதைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் இங்கே தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் 15ஆம் பிரிவு அதேதான். காவல் கண்காணிப்பாளர் முன்னால் கொடுத்த வாக்குமூலம் செல்லும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த பேரறிவாளனை எல்லோருக்கும் தெரியும். 1991 ஜூனில் பிடித்தபோது வயது 19. ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் விஷயம். 1999இல் உச்ச நீதிமன்றம் தடா குற்றமே இதில் இல்லை என்று சொன்னது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலத்தை வைத்தே தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. 2013இல் அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சிபிஐ அதிகாரி தியாகராஜனே வெளியே வந்து, பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்றார். ஒரே ஒரு வாக்கியம். விடுதலை ஆனது 2022 மே 18.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடா 1995இல் காலாவதியானது. சட்டம் செத்துப்போன பிறகும் அதன் கீழ் போட்ட வழக்குகள் சாகவில்லை. மேலே சொன்ன தீர்ப்பே சட்டம் போய் நான்கு வருடம் கழித்து வந்ததுதான். வன்னிக்காற்று அக்கா கேட்ட கேள்விக்கு இதில் ஒரு பாதிப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்புறம் பொடா என்று அதே மாதிரி இன்னொரு சட்டம் வந்தது, போனது. அதன் சரக்கை 2004லும் 2008லும் யுஏபிஏ என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். வாக்குமூலப் பிரிவை மட்டும் கொண்டுபோகவில்லை. ஆனால் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு.

#7 பனிமூட்டம்

லண்டனில் இருந்து. "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்தீர்களா? 1974இல் பிரித்தானியா கொண்டுவந்த சட்டத்தின் பெயரும் அதுதான். பர்மிங்ஹாமில் மதுக்கடைகளில் குண்டு வெடித்து எட்டே நாளில் நிறைவேற்றினார்கள். இங்கே இருந்த ஐரிஷ் மக்கள் அப்போது நாங்கள் பிறகு இருந்த அதே நிலையில் இருந்தார்கள். பேச்சு வழக்கைக் கேட்டாலே சந்தேகம். குண்டு வைத்தார்கள் என்று பிழையாகத் தண்டிக்கப்பட்ட கில்ஃபோர்ட் நால்வர் பதினைந்து வருடம், பர்மிங்ஹாம் அறுவர் பதினாறு வருடம் உள்ளே இருந்தார்கள். பொலிஸ் வாங்கிய குற்ற ஒப்புதல்கள் அந்த வழக்குகளின் முதுகெலும்பு. 1989லும் 1991லும் தீர்ப்புகள் ரத்தாகி வெளியே வந்தார்கள்.

அந்தத் தற்காலிகச் சட்டமும் 2000ஆம் ஆண்டுவரை நீண்டது. அதன் இடத்தில் வந்த சட்டத்தின் 7ஆம் அட்டவணைப்படி விமான நிலையத்தில் சந்தேகமே இல்லாமல் ஒருவரை ஆறு மணித்தியாலம்வரை மறித்துக் கேள்வி கேட்கலாம். பதில் சொல்லாவிட்டால் அதுவே குற்றம். ஒரு முறை என்னையும் மறித்தார்கள். கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, எந்தக் கோயிலுக்குப் போகிறாய், ஊரில் யாருக்குக் காசு அனுப்புகிறாய் என்று கேட்டார்கள். அண்ணாவின் பதினாறு மாதத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை, தெரியும். ஆனால் அன்றையிலிருந்து நான் நினைவுநாள் நிகழ்வுகளுக்குப் போவதில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நானாகவே நின்றுவிட்டேன்.

#8 கொழுந்துக்கூடை

ஹட்டன் பக்கம் நான். மலையகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துப் பொடியன்கள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு நின்றவர்கள். தமிழ்ப் பெயர் இருந்தால் போதும், ஏற்றிப் போனார்கள். எங்களுக்கு வாய்ப்பேச்சுச் சிங்களம் நன்றாக வரும், லயத்திலும் சந்தையிலும் பழகியது. வாசிக்க வராது. அதையே வழக்கில் எங்களுக்கு எதிராகப் பாவித்தார்கள். "சரளமாகச் சிங்களம் பேசுகிறான், எழுதியிருப்பது அவனுக்கு விளங்கியிருக்கும்" என்று. என் மாமாவின் வழக்கில் இந்த வாதத்தை நான் காதால் கேட்டேன்.

மாமா வெளியே வந்தபோது அவர் வேலை பார்த்த கடையும் இல்லை, தோட்டத்தில் பெயர்ப் பதிவும் இல்லை. அவருக்காகக் குரல் கொடுக்க வடக்கு அரசியல்வாதிகளும் வரவில்லை, தோட்டத் தலைவர்களும் வரவில்லை.

#9 ஊர்க்குருவி

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். கல்லடிப்பாலம் அக்கா எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டம் இருந்தும் நடந்தது என்பதை நான் அப்படி யோசித்ததே இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். 2022இல் அரசாங்கத்துக்கு எதிரான போராட்டத்துக்குப் பிறகு மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை இதே சட்டத்தில் வைத்தார்கள். அப்போது தெற்கிலும் ஆட்கள் எழும்பினார்கள். சிங்களவர்களும் பாதிக்கப்படுகிற சட்டத்தை ஏன் சிறுபான்மையினரின் பிரச்சினை என்று மட்டும் சொல்கிறோம்?

#10 தவணை

தம்பி, நல்ல கேள்வி. எண்பதுகளின் கடைசியில் தெற்கில் ஜே.வி.பி. இளைஞர்கள் மீதும் இது பாய்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் முதலிகே ஐந்தரை மாதத்தில் வெளியே வந்தார். 2023 ஜனவரி 31இல் கொழும்பு நீதவான், இந்தச் சட்டத்தை அவருக்கு எதிராகப் பாவித்ததே பிழை என்று சொல்லி அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். அது நல்ல தீர்ப்பு, எனக்கு மிகவும் சந்தோஷம். அந்த நாளில் பத்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்த நான் வாதாடுகிற தமிழ்க் கைதிகளின் கோப்புகள் என் மேசையில் இருந்தன. அவர்களுக்காகக் கொழும்பில் ஊர்வலம் இல்லை, தூதரகங்களின் அறிக்கை இல்லை. சட்டம் ஒன்றுதான். யாருக்கு எவ்வளவு சீக்கிரம் திறக்கும் என்பதில்தான் வேறுபாடு.

வவுனியாவில் நடந்த சில வழக்குகளை 2017இல் அனுராதபுரத்துக்கு மாற்றினார்கள். தமிழில் நடந்த வழக்கு சிங்களத்தில் நடக்க வேண்டி வந்தது. அதை எதிர்த்து மூன்று கைதிகள் சாப்பிடாமல் கிடந்தார்கள். அடுத்த வருடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் அனுராதபுரம்வரை நடந்தே போனார்கள். அதே சிறையில் 2021 செப்டெம்பரில் ஓர் இராஜாங்க அமைச்சர் இரவில் வந்து தமிழ்க் கைதிகளை மண்டியிட வைத்துத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் சிறைச்சாலைப் பொறுப்பை விட்டு விலகினார், மற்றப் பொறுப்பில் தொடர்ந்தார்.

புதிய ஆட்சி வந்த பிறகும் நிற்கவில்லை. 2024 தேர்தலில் நீக்குவோம் என்று வாக்குறுதி. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார் என்று 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவரை இதே சட்டத்தில் தடுத்து வைத்தார்கள்.

#11 வன்னிக்காற்று

எல்லோருக்கும் நன்றி. உப்பளம் நானா, கிதாபு புதைத்ததை வாசித்துவிட்டு நிறைய நேரம் அப்படியே இருந்தேன். எங்கள் வீட்டிலும் அண்ணாவின் பள்ளிக்கூடப் படங்களை அம்மா அடுப்பில் போட்டவர்.

ஐயா, நான் முதலில் கேட்டது இன்னும் மிச்சம் இருக்கிறது. சட்டம் போனால் கையெழுத்தும் போகுமா?

#12 தவணை

மன்னியுங்கள் அக்கா, சுற்றிப் போய்விட்டேன்.

நேரடியாகச் சொல்கிறேன்: போகாது. நமது பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஒரு சட்டத்தை நீக்கினாலும் அதன் கீழ் ஏற்கெனவே நடந்தவை செல்லும், நடந்துகொண்டிருக்கிற வழக்குகள் தொடரும் என்கிறது. நீக்குகிற சட்டத்திலேயே வேறுவிதமாக எழுதினால் ஒழிய இதுதான் நிலை. மதுரைக்காரன் தடாவைப் பற்றி எழுதியது இங்கும் பொருந்தும்.

நாம் எல்லோரும் "நீக்கு, நீக்கு" என்று கத்திக்கொண்டிருக்கிறோம். நானும் கத்தினேன். 2022இல் காங்கேசன்துறையில் தொடங்கி அம்பாந்தோட்டைவரை கையெழுத்து வேட்டை போனபோது நானும் நின்றேன். ஆனால் எப்படி நீக்குவது என்பதைப் பற்றிப் பேசவில்லை. 2018இல் ஒரு வரைவு வந்தது, 2023இல் இன்னொன்று. பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் இனிச் செல்லாது என்பதைப் பெரிய சலுகையாகக் காட்டினார்கள். பதிலுக்குப் பயங்கரவாதம் என்ற சொல்லின் அகலத்தைக் கூட்டினார்கள். வேலைநிறுத்தத்தையும் அதற்குள் இழுக்க முடியும் என்று தொழிற்சங்கங்களே பயந்தன. இனிமேல் செல்லாது என்றால், இதுவரை வாங்கியது எப்படிச் செல்லும்? அந்த வாக்குமூலம் நம்பத்தகாதது என்பதால்தானே கைவிடுகிறீர்கள்? 2012இல் மட்டும் நம்பத்தகுந்ததாக இருந்ததா?

என்னைக் கேட்டால் நீக்குகிற சட்டத்தில் ஒரு வாசகம் கட்டாயம் வேண்டும். 16ஆம் பிரிவு வாக்குமூலத்தை மட்டும் வைத்து நடக்கிற எல்லா வழக்கும் அன்றே முடிய வேண்டும். அப்படித் தண்டிக்கப்பட்ட எல்லாத் தீர்ப்பும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். புனர்வாழ்வுக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களும் அதில் அடங்க வேண்டும். அவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஏனென்றால் அவர்கள் "வெளியே" இருக்கிறார்கள். இந்த வாசகம் இல்லாத எந்த வரைவையும் நான் ஏற்க மாட்டேன்.

அதுவரை உங்கள் அண்ணாவுக்கு இரண்டு வழி. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மீளாய்வு மனு. தானே ஒப்புக்கொண்ட வழக்கு என்பதாலும் காலம் கடந்ததாலும் கடினம், ஆனால் விசேட காரணம் காட்டினால் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஜனாதிபதியின் மன்னிப்பு. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பதா என்று அண்ணா கேட்கலாம். கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

வழக்குக் கோப்பின் அத்தாட்சிப் பிரதி உங்களிடம் இருக்கிறதா? அந்த ஒன்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அண்ணாவுக்குத் தெரியுமா?

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. வீட்டில் யாரையாவது பிடித்தால் கைதுப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள். 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது பிடித்தவர்களின் கடமை. விரும்பிய மொழியில் வாக்குமூலம் கொடுக்கலாம் என்று 2006இலேயே ஜனாதிபதியின் பணிப்புரை இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

#13 உப்பளம்

தங்கச்சி, பிரதி இருந்தால் சொல்லுங்கள். நான் சிங்கள மொழியில் படித்தவன், முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் சிங்களத்தில்தான் எழுதினேன். அண்ணா விரும்பினால் தொலைபேசியில் வரிக்கு வரி வாசித்துத் தமிழில் சொல்கிறேன். விரும்பினால் மட்டும். அது லேசான விஷயம் இல்லை.

#14 வன்னிக்காற்று

நேற்று இரவு நானா வாசித்தார். பிரதி அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. அண்ணா முதலில் வேண்டாம் என்றார். பிறகு மகளையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். இவளுக்கும் தெரியட்டும் என்றார்.

இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அண்ணா ஒருபோதும் போகாத இரண்டு ஊர் அதில் இருக்கிறது. 2006 மார்கழியில் அவர் எடுத்ததாக ஒரு பயிற்சி இருக்கிறது. அந்த மாதம் அவர் கொழும்பில், கடையின் வருடக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயரை வேறு யாரோ ஒருவருடைய பெயராக எழுதியிருக்கிறார்கள். அதை நானா வாசித்ததும் அண்ணா "அது யார்?" என்று மட்டும் கேட்டார்.

கடைசிப் பக்கத்தை நானா வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு தமிழில் சொன்னார்: இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பம் இடுகிறேன்.

அண்ணா அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மகள் அதைத் தன் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டாள்.

#15 தவணை

அக்கா, மனுவில் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவோம். அண்ணா 2006 மார்கழியில் எழுதிய கணக்குப் புத்தகம் அந்தக் கடையில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அடுத்த புதன் பின்னேரம் பிரதியோடு வாருங்கள். காசு பற்றி யோசிக்க வேண்டாம்.